‘லார்ஜ்’ என்றாலே ‘பெரிய’ தானா?

மூலப்பிரதி | கேள்வி

வணக்கம். பெங்களூரில் தயாராகும் ஒரு கடைச் செயலியின் தமிழ் ஸ்ட்ரிங்குகளை, அதாவது திரையில் தெரியும் சொற்றொடர்களை, சரிபார்க்க வேண்டியிருக்கிறது. துணி, மளிகை, சமையல் குறிப்பு, அக்கம்பக்கச் செய்தி எல்லாம் அதே செயலிக்குள் வருகின்றன. முன்பு மொழிபெயர்த்ததைச் சேமித்து வைத்து மறுபடி எடுத்துத் தருகிற பழைய மொழிபெயர்ப்பு நினைவகம் ‘லார்ஜ்’ என்ற சொல்லைக் கண்ட இடத்திலெல்லாம் ‘பெரிய’ என்று போட்டு வைத்திருக்கிறது. மாதிரிக்குச் சில:

“சிறுத்தை இன்னும் பெரியதாக உள்ளது.” மூலத்தில் அட் லார்ஜ்.
“மூலம் மற்றும் பெரிய, வாடிக்கையாளர்கள் திருப்தி.” மூலத்தில் பை அண்ட் லார்ஜ்.
“2 பெரிய முட்டை”
“பெரிய ஏலக்காய் 50 கிராம்”
“அளவு: பெரிய”
“பெருமொழி மாதிரி”. மூலத்தில் லார்ஜ் லாங்குவேஜ் மாடல்.

முதல் இரண்டும் அபத்தம் என்பது பார்த்ததுமே தெரிகிறது. மற்ற நான்கும் தேறுமா? அளவைச் சொல்கிற ஒரு சாதாரணச் சொல்லுக்கு ‘பிடிபடாத’ என்ற பொருள் எப்படி ஒட்டியது? பிக், கிரேட் என்று ஏற்கெனவே இரண்டு இருக்க, லார்ஜ் எதற்கு? வேர் தெரிந்தால் அடுத்த முறை நானே ஊகித்துக்கொள்வேன். கன்னடக் குழு எல்லாவற்றுக்கும் ‘தொட்ட’ என்று போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அல்சூர்_அகராதி

லார்ஜ் பிறந்தபோது உருவ அளவு அதன் முதல் பொருளாக இருக்கவில்லை. லத்தீனில் ‘லார்குஸ்’ என்றால் ஏராளமான, வாரி வழங்குகிற என்று பொருள். அது பழைய பிரெஞ்சில் ‘லார்ஜ்’ ஆயிற்று. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் கூட்டமாக உள்ளே வந்தன அல்லவா, அந்தக் கூட்டத்தோடு வந்து 1200-ஐ ஒட்டி ஆங்கிலத்தில் தலைகாட்டுகிறது. அன்றைக்கு ஒருவரை லார்ஜ் என்று சொன்னால் கொடையாளி என்றுதான் கேட்பவருக்குப் படும். ஆள் பருமன் என்ற நினைப்பே வராது. ‘லார்ஜெஸ்’ என்ற சொல் இன்றும் அந்தப் பழைய பொருளை விடாமல் வைத்திருக்கிறது.

உங்கள் சிக்கலுக்கு நல்ல சாவி நம்மிடமே இருக்கிறது: தாராளம். “தாராளமா குடுப்பாரு”, “சட்டை தாராளமா இருக்கு”, “தாராளமா உள்ள வாங்க” ஆகிய மூன்றையும் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் கொடை, அடுத்ததில் விசாலம், மூன்றாவதில் தடையின்மை. லார்ஜும் ஏறக்குறைய இதே தெருவில்தான் நடந்து போயிருக்கிறது. கன்னடத்திலும் ‘தாராள’ உண்டு. அந்தக் குழு ‘தொட்ட’வைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

விசாலம் என்ற திருப்பத்தில் ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு பக்கம் இழுத்துக்கொண்டது. பிரெஞ்சில் இன்று ‘லார்ஜ்’ என்றால் அகலம். பெரியதற்கு அவர்கள் ‘கிராண்ட்’ என்பார்கள். இத்தாலியனிலும் ‘லார்கோ’ அகலம்தான். இசைக் குறிப்பில் லார்கோ என்று இருந்தால் அகலமாக, அவசரமில்லாமல் வாசி என்று பொருள். ஸ்பானிஷில் மட்டும் ‘லார்கோ’ நீளமாகிவிட்டது. ஃபுளோரிடாவில் உள்ள கீ லார்கோவின் பெயர் ஸ்பானிஷ்காரர்கள் வைத்த ‘காயோ லார்கோ’, அதாவது நீளத் தீவு. பிரெஞ்சு அல்லது ஸ்பானிஷ் விவரச்சீட்டு உள்ள பொருளுக்குத் தமிழ் எழுதும்போது இங்கேதான் வழுக்கும். மேசை விவரத்தில் பிரெஞ்சுச் சீட்டு ‘லார்ஜர்’ என்று சொல்வது அகலத்தை. ஸ்பானிஷ் சீட்டு ‘லார்கோ’ என்பது நீளத்தை.

இனி உங்கள் சிறுத்தை. ‘அட் லார்ஜ்’ 14-ஆம் நூற்றாண்டிலேயே கட்டுக்காவல் இல்லாத நிலையைக் குறித்தது. வேலி இல்லாத அகன்ற வெளி மனதில் வந்தால் போதும். கைதி அட் லார்ஜ் என்றால் அவன் வெளியில் இருக்கிறான். சமூகம் அட் லார்ஜ் என்றால் எந்தப் பிரிவுக்குள்ளும் அடைக்காமல் மொத்தச் சமூகமும். தூதர் அட் லார்ஜ் என்பவர் ஒரு நாட்டுக்கென்று கட்டப்படாதவர். அமெரிக்கக் கீழவைக்கு அலாஸ்கா, வயோமிங் மாதிரி ஒரே உறுப்பினரை அனுப்புகிற மாநிலங்களில் அந்தத் தொகுதிக்குப் பெயரே அட் லார்ஜ். மாநிலத்துக்குள் தொகுதி வரப்பு கிடையாது.

‘பை அண்ட் லார்ஜ்’ வேறு கதை, கப்பல்காரர்களுடையது. காற்று வரும் திசையை முடிந்தவரை நெருங்கி ஓட்டுவது ‘பை’. குறுக்குப் பாய் கட்டிய பழைய கப்பல்கள் காற்றுக்கு ஆறு புள்ளி வரைதான் நெருங்கும். திசைகாட்டியில் ஒரு புள்ளி 11.25 பாகை, ஆக 67.5 பாகை. அதைத் தாண்டி மூக்கை உள்ளே திருப்பினால் பாய் படபடத்துக் கப்பல் நின்றுவிடும். காற்று பக்கவாட்டுக்குப் பின்னாலிருந்து வாங்க, பாயைத் தாராளமாக விரித்து ஓட்டுவது ‘லார்ஜ்’. இரண்டு விதத்திலும் ஒழுங்காக ஓடுகிற கப்பலை ‘பை அண்ட் லார்ஜ்’ நன்றாக ஓடுகிறது என்றார்கள். 17-ஆம் நூற்றாண்டு வழக்கு இது. காற்று எப்படி அடித்தாலும் சரி என்பது கரையேறி, மொத்தத்தில், பொதுவாகப் பார்த்தால் என்றாகிவிட்டது.

ஒருகுரோஸ்

பிக், கிரேட் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள், சுருக்கமாக.

பிக் பழைய ஆங்கிலத்தில் கிடையாது. 1300-ஐ ஒட்டி வட இங்கிலாந்துப் பக்கம் எழுத்தில் வருகிறது, அப்போது பொருள் பலசாலி. அளவு என்ற பொருள் அப்புறம் ஏறியது. ‘பிக் பிரதர்’ வயதைச் சொல்வதைப் பார்த்தால் நம் பெரியண்ணன், பெரியப்பா நினைவுக்கு வரும். அங்கே லார்ஜ் போட்டால் அண்ணன் குண்டாகிவிடுவார்.

கிரேட்டின் பழைய பொருள் தடித்த, பருத்த, கொரகொரப்பான. டச்சு ‘ஹ்ரோட்’, ஜெர்மன் ‘கிரோஸ்’ இரண்டும் அதன் உறவினர். 14-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 4 பென்ஸ் மதிப்புள்ள ‘குரோட்’ காசு தடித்த காசு என்பதால்தான் அந்தப் பெயர் பெற்றது.

லத்தீன் ‘குரோஸுஸ்’ என்பதற்கும் தடித்த என்றுதான் பொருள். சிக்பேட்டையில் பட்டன் வாங்கப் போனால் ‘ஒரு குரோஸ்’ என்று கேட்பீர்கள், 144 தருவார்கள். பிரெஞ்சில் அது ‘பருத்த டஜன்’, அதாவது டஜன் டஜன். அப்படி மொத்தமாக விற்றவர்தான் ‘குரோஸர்’. இன்று 100 கிராம் கடுகு விற்பவருக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

‘சைஸ்’ என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். அது ‘அசைஸ்’ என்பதன் தலை வெட்டிய வடிவம். உட்கார்ந்து தீர்மானிக்கும் மன்றம், அது போட்ட விதி. இங்கிலாந்தில் 13-ஆம் நூற்றாண்டில், வழக்கமாக 1266 என்று குறிப்பார்கள், ரொட்டிக்கும் ‘ஏல்’ என்ற பீர் வகைக்கும் ஒரு அசைஸ் வந்தது. ரொட்டியின் விலை ஒரு பென்னி, கால் பென்னி என்று நிலையாக நிற்கும், மாறாது. கோதுமை விலை ஏறினால் ரொட்டியின் எடை குறையும், எவ்வளவு குறையலாம் என்பதற்குப் பட்டியல் உண்டு. அந்த விதித்த அளவுதான் நம் சைஸ். அஞ்சு ரூபாய் பிஸ்கட் பாக்கெட் வருஷா வருஷம் இளைக்கிறதே, அதன் கொள்ளுப்பாட்டி. என்ன, அன்றைக்கு எவ்வளவு இளைக்கலாம் என்பதை அரசு சொன்னது.

சந்திப்பிழை

வேர் தெரிவது நல்லது, ஆனால் ஸ்ட்ரிங்கில் உட்கார்ந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இங்கே லார்ஜ் ஒரு பண்பா, ஒரு தரப்பெயரா, பெயரின் பாகமா, மரபுத்தொடரா? மரபுத்தொடர் என்றால் மேலே அல்சூர் சொன்னதோடு முடிந்தது. மற்றவற்றில்தான் வேலை.

“அளவு: பெரிய” தப்பு. பெரிய என்பது பெயரெச்சம், பின்னால் ஒரு பெயர் இல்லாமல் நிற்காது. “அளவு: பெரியது” என்று வர வேண்டும். இதைத் திருத்தியதும் அடுத்த ஓட்டை திறக்கும். நிரலாளர்கள் அதே ஸ்ட்ரிங்கை இன்னொரு திரையில் பொருளின் பெயரோடு ஒட்டியிருப்பார்கள். அங்கே “பெரியது சட்டை” என்று வந்து நிற்கும். ஆங்கிலத்தில் இரண்டு இடத்துக்கும் ஒரே வடிவம் போதும், தமிழில் போதாது. எனவே ஸ்ட்ரிங் அடையாளத்தை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: தனித்து நிற்பதற்கு ‘பெரியது’, பெயருக்கு முன் ‘பெரிய’. பிரிக்க மறுத்தால் ‘பெரிய அளவு’ என்று போட்டுவிடுங்கள். அதுவே பெயர்ச்சொல்லாக நிற்கும், “பெரிய அளவு சட்டை” என்று ஒட்டினாலும் காதைக் குத்தாது.

‘லார்ஜர்’ வந்தால் தமிழில் ஒப்பீட்டு விகுதி இல்லை என்பதை மறக்க வேண்டாம். பொத்தானில் ‘இன்னும் பெரிது’, வாக்கியத்தில் ‘அதைவிடப் பெரியது’. ‘ஃபைல் டூ லார்ஜ்’ என்பதற்கு ‘கோப்பு மிகப் பெரியது’ என்று எழுதினால் பாராட்டு மாதிரி இருக்கிறது. ‘கோப்பின் அளவு வரம்பைத் தாண்டுகிறது’ என்று எழுதி, வரம்பு எத்தனை எம்பி என்பதையும் சேர்த்தால் பயனர் அடுத்து என்ன செய்வதென்று அறிவார்.

பெருமொழி மாதிரி: இது பள்ளிக்கூடப் பிழை, ஆனால் எல்லோரும் செய்கிறார்கள். ஆங்கிலத்தில் லார்ஜ் மாடலைத் தழுவுகிறது. தமிழில் பெரு என்பதை மொழியோடு ஒட்டினால் மொழிதான் பெரிதாகும். பெருமொழி ஒன்றுக்கான மாதிரி என்றுதான் வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘பெரிய மொழி மாதிரி’ என்று பிரித்து எழுதினாலும் அதே மயக்கம். அடையை நகர்த்துங்கள்: ‘மொழிப் பெருமாதிரி’. ஜெனீவாவில் 27 கிலோமீட்டர் வளையமாக இருக்கிற லார்ஜ் ஹாட்ரான் கொலைடருக்கும் இதே கதி. ஹாட்ரான் என்பது புரோட்டான் மாதிரித் துகள். செய்தித்தாள்களின் ‘பெரிய ஹாட்ரான்’ புரோட்டானை ஊதிப் பெருக்கிவிடுகிறது. உண்மையில் பெரியது, துகள்களை மோதவிடுகிற கருவிதான்.

பெரு எப்போது பேர் ஆகும் என்று பலர் தடுமாறுவதால்: பெருமை என்ற பண்புப்பெயரின் ஈறு போன பிறகு, வருசொல் உயிரில் தொடங்கினால் ஆதி நீண்டு பேர் ஆகும். பேரலை, பேராசை, பேரேலம். வல்லினத்தில் தொடங்கினால் இனம் மிகும்: பெருங்கடல், பெருங்குடல், பெருந்தொகை, பெரும்படை. மற்ற மெய் வந்தால் பெருமழை, பெருவெளி என்று சும்மா நிற்கும். ‘பெருஅலை’, ‘பேர்கடல்’ எல்லாம் கண்ணில் பட்டால் உடனே திருத்துங்கள்.

மூலப்பிரதி

பெருங்குடல் என்றதும் ஒரு சந்தேகம். சிறுகுடல்தானே நீளம்?

அல்சூர்_அகராதி

ஆமாம். சிறுகுடல் சுமார் 6 மீட்டர், பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர்தான். பெயர் குழாயின் அகலத்தை வைத்து வந்தது. லத்தீன் உடற்கூற்றியலில் அதன் பெயர் ‘தடித்த குடல்’, ஜெர்மனிலும் தடித்த குடல்தான். ஆங்கிலத்தில் லார்ஜ் என்று ஆகி, நாம் பெருங்குடல் என்கிறோம். லார்ஜைப் பார்த்தால் நீளமா, அகலமா, பருமனா, எண்ணிக்கையா என்று ஒரு நொடி நின்று கேட்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

ரவைபதம்

முட்டையும் ஏலக்காயும் என் துறை.

‘2 லார்ஜ் எக்ஸ்’ என்பது அமெரிக்கக் குறிப்பில் தரப்பெயர். டஜனுக்குக் குறைந்தது 24 அவுன்ஸ், அதாவது 680 கிராம்; ஒன்று ஓட்டோடு சுமார் 57 கிராம், ஓடு போனால் சுமார் 50. ஐரோப்பியக் குறிப்பாக இருந்தால் அதே லார்ஜ் 63 முதல் 73 கிராம் வரை. ‘2 பெரிய முட்டை’ என்று எழுதினால் வாசகர் கூடையில் கிடப்பதில் கொஞ்சம் பெரிதாகத் தெரிவதைப் பொறுக்குவார். ஓட்டோடு 50 கிராம் முட்டை என்றால் உள்ளே 44 கிராம்தான் தேறும். ஆம்லெட்டுக்குப் பரவாயில்லை. 4 முட்டை கேட்கிற கேக்கில் 24 கிராம் குறையும், கிட்டத்தட்ட அரை முட்டை. மாவு இறுகி, கேக் மேலே வெடித்து, உள்ளே வறண்டுவிடும். ‘முட்டை 2, ஓடு நீக்கி 100 கிராம்’ என்று போடுங்கள். எடை தெரியாதவருக்கு எண்ணிக்கை, தராசு உள்ளவருக்கு எடை.

‘லார்ஜ் கார்டமம்’ இன்னும் ஆபத்து. அது நம் ஏலக்காயில் பெரிய ரகம் என்று நினைத்துவிடாதீர்கள், வேறு செடி. ஸ்மால் என்பது இடுக்கிப் பக்கம் விளையும் பச்சை ஏலக்காய், எலெட்டேரியா இனம். லார்ஜ் என்பது சிக்கிமில் விளையும் கருப்புக் காய், அமோமம் இனம். புகையில் உலர்த்துவதால் புகை வாசனையும் கற்பூரக் காட்டமும் இருக்கும். பிரியாணிக்குச் சரி. ‘பெரிய ஏலக்காய்’ என்று பார்த்துவிட்டு யாராவது வாங்கிப் பால் பாயசத்தில் தட்டிப் போட்டால் அந்தப் பாயசத்தைக் காப்பாற்ற முடியாது. பேரேலம் என்ற பழைய பெயர் இருக்கிறது, ஆனால் கடையில் கேட்டால் முழிப்பார்கள். ‘கருப்பு ஏலக்காய்’ என்று எழுதிப் படம் போட்டுவிடுங்கள்.

இஞ்ச்டேப்

துணிப் பிரிவுக்கு ஒரே வேண்டுகோள்: எல், எக்ஸ்எல் என்ற ரோமன் எழுத்துகளை மொழிபெயர்க்காதீர்கள். சட்டையின் கழுத்தில் தைத்திருக்கும் லேபிளில் எழுத்துதான் இருக்கும். திரையில் ‘பெரியது’, லேபிளில் எல் என்றால் பெட்டியைப் பிரித்ததும் புகார்தான். ‘பெரியது’ என்பதை அளவு விளக்கத்தில் ஒருமுறை சொன்னால் போதும்.

அடுத்து எண். இங்கே எல் பக்கத்தில் 42 என்று இருக்கும். அது எதன் 42? கேஷுவல் சட்டையில் பெரும்பாலும் மார்புச் சுற்று அங்குலத்தில். ஃபார்மல் சட்டையில் 39, 40, 42 என்று வருவது காலர் சுற்று, சென்டிமீட்டரில். 40 என்ற எண் இரண்டு அளவிலும் வருவதால் யாரும் கவனிப்பதில்லை. அலகைக் கேட்டு வாங்கி எழுதுங்கள். 40 சென்டிமீட்டர் காலர் என்றால் பதினைந்தே முக்கால் அங்குலம்.

மார்பு 42 என்பது உடம்பின் அளவா, சட்டையின் அளவா என்பது மூன்றாவது குழப்பம். ரெகுலர் ஃபிட்டில் 4 இஞ்ச் அளவுக்கு லூஸ் விடுவார்கள், ஸ்லிம்மில் அதைவிடக் குறைவு. வாடிக்கையாளர் வீட்டில் அளக்கச் சொல்லும் குறிப்பு இப்படி இருக்கலாம்: நன்றாகப் பொருந்துகிற பழைய சட்டையின் பட்டன்களைப் போட்டுச் சமதரையில் விரிக்கவும், அக்குள் தையலுக்கு 1 இஞ்ச் கீழே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, இழுக்காமல் அளக்கவும், வந்ததை இரண்டால் பெருக்கவும். அது சட்டையின் அளவு.

இன்னொன்று, துணி விவரத்தில் ‘சைசிங்’ என்று வந்தால் அளவு என்று எழுதிவிடாதீர்கள். தறியில் ஏறும்முன் பாவு நூலுக்குப் போடும் கஞ்சி அது. சோமனூர்ப் பக்கம் சைசிங் மில் என்றே சொல்வார்கள். ‘டீசைஸ்டு ஃபேப்ரிக்’ என்பது கஞ்சி நீக்கிய துணி. ‘அளவு நீக்கிய துணி’ என்று ஒரு விவரப் பக்கத்தில் எழுதியிருந்தது.

ஒருகுரோஸ்

பார்களில் லார்ஜ் என்றால் 60 மில்லி, ஸ்மால் 30. செயலியில் அந்தப் பிரிவு இல்லையே?

மூலப்பிரதி

இல்லை, நல்ல வேளை. இப்படி மாற்றியிருக்கிறேன், ஒரு பார்வை பாருங்கள்:

“சிறுத்தை இன்னும் தலைமறைவு.”
“பெரும்பாலும் வாடிக்கையாளர்கள் திருப்தி.”
“முட்டை 2, ஓடு நீக்கி 100 கிராம்”
“கருப்பு ஏலக்காய் 50 கிராம்”
“அளவு: பெரியது”. ஸ்ட்ரிங்கைப் பிரித்துத் தர ஒத்துக்கொண்டார்கள்.
“மொழிப் பெருமாதிரி”

சந்திப்பிழை

முதல் இரண்டிலும் கை வைக்க வேண்டும். தலைமறைவாக இருப்பதற்குப் போலீஸுக்குப் பயந்து ஒளிய வேண்டும். சிறுத்தை அதன் பாட்டுக்குத் திரிகிறது. “சிறுத்தை இன்னும் பிடிபடவில்லை” போதும். ஆளுக்கே கூட அட் லார்ஜ் எல்லாம் தலைமறைவு ஆகாது. இன்னும் கைதாகவில்லை என்று மட்டும் மூலம் சொன்னால் அதை மட்டும் சொல்லுங்கள், ஓடி ஒளிந்தான் என்பதை நாம் சேர்க்கக் கூடாது.

இரண்டாவதில் ‘பெரும்பாலும்’ வாடிக்கையாளர்களோடு போய் ஒட்டிக்கொள்கிறது, பத்தில் எட்டுப் பேர் என்பது போல. மூலம் தலைகளை எண்ணவில்லை. “மொத்தத்தில் வாடிக்கையாளர்களுக்குத் திருப்தி.” பெரும்பாலும் என்பதை ‘லார்ஜ்லி’ வரும் இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நினைவகத்தில் பழைய பதிவுகளை மேலெழுதினால் மட்டும் போதாது, நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் எண்பது சதப் பொருத்தம் என்று காட்டி அடுத்த பதிப்பில் சிறுத்தை மறுபடி பெரியதாகிவிடும்.